மீதமிருக்கும் கால்: வாசகர் கேள்வி பதில்

எலும்புப் புற்றுநோயால் காலை இழந்தவர்களின் பிற்கால வாழ்க்கையைப் பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய கட்டுரைக்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன். கட்டுரையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1989-ஆம் ஆண்டு, பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தபோது, முழங்காலை ஒட்டி வந்த ஆஸ்டியோசார்கோமா என்னும் எலும்புப் புற்றுநோய்க்காக என் இடது கால் தொடையின் நடுவில் எடுக்கப்பட்டது. நான் மருத்துவர் அல்லேன். கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். மருத்துவம் சார்ந்த செய்திகளை, என்னை ஆண்டுதோறும் பரிசோதிக்கும் மருத்துவர்களிடம் கேட்டுச் சரிபார்த்த பின்னரே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. கட்டி இரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டுவிட்டது என்று சொல்லி, வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் ஆகிறது. மீதிக் கீமோ நடந்துகொண்டிருக்கிறது. செயற்கைக் கால் எப்போது வைப்பார்கள்? ஒரு முறை வைத்தால் போதுமா? பள்ளிக்கு அனுப்பலாமா? இவளை யார் கட்டிக்கொள்வார்கள் என்று என் மாமியார் தினமும் அழுகிறார்.
– ஒரு தாய், சங்கரன்கோவில்

பதில்: அம்மா, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது உங்கள் மகளின் காதில் தினமும் விழுந்துகொண்டிருக்கிறது. எனக்கும் அந்த வயதில் அது விழுந்தது. காலை எடுத்த இடம் ஆறிய பிறகும் அந்தப் பேச்சு பல ஆண்டுகள் ஆறவில்லை. உங்கள் மாமியாரின் துக்கம் உண்மையானது. ஆனால் அவர் அழுவதாக இருந்தால் அடுத்த வீட்டுக்குப் போய் அழட்டும் என்று நீங்கள்தான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

புண் ஆறியதும் எஞ்சிய தொடையை (மருத்துவமனையில் எல்லோரும் ஸ்டம்ப் என்றுதான் சொல்வார்கள்) பட்டைத் துணியால் சுற்றி வீக்கத்தை வடியச் செய்வார்கள். அது ஓரளவு வடிவத்துக்கு வந்த பின்பே தற்காலிகக் கால் ஒன்றை அளவெடுத்துச் செய்வார்கள். கீமோ நடக்கும் காலத்தில் உடல் இளைப்பதும், குளுக்கோஸ் ஏற்றியதும் ஊதுவதுமாக இருப்பதால், தொடை பொருந்தும் குழியான சாக்கெட் ஒரு வாரம் தளர்வாகவும் மறு வாரம் இறுக்கமாகவும் இருக்கும். இது செய்தவரின் குறை அன்று. கீமோ முடிந்து எடை நிலைக்கு வந்த பிறகுதான் நிரந்தரமான காலுக்கு அளவெடுக்க முடியும். ஒரு முறை வைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. வளரும் பிள்ளைக்கு ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை நீளத்தையும் சாக்கெட்டையும் மாற்ற வேண்டியிருக்கும். வளர்ச்சி நின்ற பிறகும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய கால் தேவைப்படும். எனக்கு இப்போது இருப்பது ஒன்பதாவது கால். இந்தச் செலவு வாழ்நாள் முழுவதும் தொடரும் என்பதை இப்போதே தெரிந்துகொண்டால், இருப்பதையெல்லாம் விற்று முதல் காலையே மிக விலையுயர்ந்ததாக வாங்கும் தவற்றைச் செய்ய மாட்டீர்கள். சென்னை கலைஞர் கருணாநிதி நகரிலுள்ள அரசுப் புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தில் செயற்கைக் கால் செய்கிறார்கள். உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம்.

கால் வருவதற்கு முன்னர் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இதமாக இருக்கிறதென்று ஸ்டம்புக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். வைத்தால் இடுப்பு மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும். அதன் பிறகு எவ்வளவு நல்ல காலைப் பொருத்தினாலும் குழந்தை நிமிர்ந்து நடக்க முடியாது. நாளுக்கு இரண்டு முறை, அரைமணி நேரமாவது அவள் குப்புறப் படுக்கட்டும். குப்புறப் படுத்துக்கொண்டே பாடம் படிக்கலாம். நான் அப்படித்தான் படித்தேன். இரவில் ஊன்றுகோல் அவள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கால் இருப்பது போன்ற உணர்வு மூளையில் அப்படியே இருப்பதால், தூக்கக் கலக்கத்தில் எழுந்து இல்லாத காலை ஊன்றி விழுவது மிகவும் சாதாரணமாக நடக்கும். மின்சாரம் போன ஓர் இரவில் நான் அப்படி விழுந்து தையல் பிரிந்தது.

பள்ளிக்கு, கீமோ மருத்துவர் இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்து அனுமதித்த நாளிலேயே அனுப்புங்கள். கால் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஊன்றுகோலோடு போகட்டும். குளியலறையில் ஒரு முக்காலியும் சுவரில் ஒரு கைப்பிடியும் வையுங்கள், மேல்நாட்டுக் கழிப்பறை இல்லையென்றால் அதற்கான நாற்காலி ஒன்றை வாங்குங்கள். இந்த மூன்றும் வந்துவிட்டால் அவள் தன் வேலையைத் தானே செய்துகொள்வாள், கதவையும் தானே சாத்திக்கொள்வாள். 14 வயதுப் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி: தொடை எலும்பில் வந்த புற்றுநோய்க்காகக் காலை எடுத்து 9 ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் இல்லாத காலின் பெருவிரல் அரிக்கிறது. சில இரவுகளில் யாரோ முறுக்குவது போல வலிக்கிறது. வீட்டில் சொன்னால் மனப்பிரமை என்கிறார்கள். இது வெறும் மனப்பிரமையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: ஐயா, இது பிரமை அன்று. கால் போனாலும் காலுக்கென்று மூளையில் ஒதுக்கப்பட்ட பகுதி போவதில்லை. அந்தப் பகுதிக்குக் கிடைக்கும் தாறுமாறான செய்திகளை மூளை அரிப்பாகவும் முறுக்கலாகவும் உணர்கிறது. காலை இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஏதேனும் ஒரு வடிவில் இது உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயமுற்றவர்களைக் கவனித்த சைலஸ் வெயர் மிட்செல் என்னும் மருத்துவர் 1871-இலேயே இதற்கு மாய உறுப்பு என்ற பொருளில் பெயர் சூட்டினார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் கலிஃபோர்னியாவில் நரம்பியல் ஆய்வாளராகப் புகழ்பெற்ற வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கண்ணாடி கொண்டு இதற்கு ஒரு சிகிச்சையைக் கண்டுபிடித்தார். கால்களுக்கு நடுவே நீளமான நிலைக்கண்ணாடி ஒன்றை, அதன் முகம் நல்ல காலைப் பார்க்குமாறு நிறுத்தி, அந்தக் காலை மெதுவாக அசைத்துக்கொண்டே கண்ணாடியைப் பார்க்க வேண்டும். போன கால் திரும்பி வந்து அசைவது போன்ற காட்சி மூளைக்குக் கிடைக்கிறது, முறுக்கல் தளர்கிறது. நாளுக்குப் பதினைந்து நிமிடமாகச் சில வாரங்கள் செய்ய வேண்டும். எல்லோருக்கும் பலிப்பதில்லை, ஆனால் தீங்கும் இல்லை. வலி மிகுந்தால் கேபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகளை மருத்துவர் தருவார்.

ஒன்றை மட்டும் பிரித்தறியுங்கள். இல்லாத விரலில் வலிப்பது வேறு, இருக்கும் ஸ்டம்பில் புதிதாக வலிப்பது வேறு. பல ஆண்டுகள் அமைதியாக இருந்த ஸ்டம்பில் ஓரிடத்தில் வலியோ தடிப்போ தோன்றினால், அது வெட்டுண்ட நரம்பின் முனையில் வளர்ந்த முடிச்சாக இருக்கலாம், சாக்கெட் உறுத்தலாக இருக்கலாம், அரிதாக நோய் திரும்பியதாகவும் இருக்கலாம். அதை நாள் கடத்தாமல் காட்டிவிட வேண்டும்.

கேள்வி: 21 வயதில் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். இப்போது 44 வயது. மளிகைக் கடை நடத்துகிறேன். நாள் முழுக்க நிற்கும் வேலை. செயற்கைக் காலால் இத்தனை ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் இல்லை. ஓராண்டாக இடது முழங்கால் வலிக்கிறது, இடுப்பும் பிடித்துக்கொள்கிறது. திருமணத்துக்குப் பிறகு 14 கிலோ கூடியிருக்கிறேன். புதிய கால் வாங்கினால் சரியாகுமா?
– வணிகர், பெருந்துறை

பதில்: உங்கள் கடிதத்துக்காகவே இந்த மாதப் பகுதியை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். முதல் ஆண்டில் நம்மைக் கவனிக்க எத்தனையோ பேர் இருந்தார்கள். இருபதாம் ஆண்டில் நாம் குணமானவர்கள் என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், நாமும் விட்டுவிடுகிறோம். போன காலைப் பற்றி உலகம் முழுவதும் நம்மிடம் விசாரிக்கிறது. மீதமிருக்கும் காலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அந்தக் கால்தான் 23 ஆண்டுகளாக உங்கள் கடையைச் சுமந்துகொண்டிருக்கிறது.

நிற்கும்போது செயற்கைக் காலை நம்பாமல் எடையை நல்ல காலின் மீது சாய்த்துவிடுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். நடக்கும்போதும் செயற்கைக் காலில் குறைந்த நேரமும் மற்றக் காலில் அதிக நேரமும் நிற்கிறோம். இதனால் முழங்காலுக்கு மேலே காலை இழந்தவர்களுக்கு மற்ற முழங்காலில் தேய்மானம் வருவது அதிகம். இடுப்பு வலியும் அப்படியே. எடுக்கப்பட்ட பக்கத்து இடுப்பெலும்போ, போதிய சுமை விழாததால், அடர்த்தி குறைந்துபோகிறது. ஆகவே ஒரு பக்கம் தேய்கிறது, மறு பக்கம் மெலிகிறது. தவிர, முழங்காலுக்கு மேலே எடுத்தவர் ஒரே தூரத்தை நடக்க மற்றவர்களைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு அதிக ஆற்றலைச் செலவிட வேண்டியிருப்பதால் சீக்கிரம் களைத்துவிடுகிறோம். களைப்பதால் நடையைக் குறைக்கிறோம், குறைப்பதால் எடை கூடுகிறது, அந்த எடை மீண்டும் அதே முழங்காலில் வந்து இறங்குகிறது.

புதிய கால் வாங்குவதற்கு முன்பு இப்போதுள்ள காலைச் சரிபாருங்கள். 14 கிலோ கூடியவருக்குப் பழைய சாக்கெட் நிச்சயமாகப் பொருந்தாது. இரண்டு மூன்று கிலோ கூடினாலே எனக்குத் தொடையின் உட்புறத்தில் சதை பிதுங்கி, சாக்கெட்டின் விளிம்பில் நசுங்கும். பொருந்தாத சாக்கெட்டில் ஸ்டம்ப் முழுமையாக உள்ளே இறங்காது. இறங்காவிட்டால் அந்தப் பக்கம் உயர்ந்துவிடும், உயரத்தைச் சமாளிக்க இடுப்பு வளையும். உங்கள் இடுப்பு வலியில் பாதி இதுவாகவே இருக்கக்கூடும். செயற்கைக் கால் நிபுணரிடம் போய், காலை மாட்டி நின்றபடி இரண்டு பக்க இடுப்பெலும்பின் உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். அவர் உங்கள் நடையை முன்னும் பின்னுமிருந்து பார்க்க வேண்டும்; பார்க்காமல் புதிய காலுக்கு விலை சொல்கிறவரை விட்டுவிடுங்கள்.

என் அன்றாடத்தையும் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படலாம். காலையில் ஸ்டம்ப் சற்று உப்பியிருக்கும், அப்போது சாக்கெட் பொருந்த ஸ்டம்பின் மேல் ஒரு சாக்ஸ் போதும். பிற்பகலில் அது சுருங்கிவிடுவதால் மூன்றாவது வகுப்புக்கு முன்னர் ஓய்வறையில் இன்னொரு சாக்ஸ் சேர்த்துக்கொள்வேன். சித்திரை, வைகாசியில் மதியமே காலைக் கழற்றி வியர்வையைத் துடைத்து மறுபடி மாட்டுவேன். இரவில் காலைக் கழற்றியதும் கைக்கண்ணாடி ஒன்றால் ஸ்டம்பின் அடிப்பகுதி முழுவதையும் பார்ப்பேன். சிவந்த தடம் பத்து நிமிடத்தில் மறைந்தால் கவலை இல்லை. மறையாமல் நின்றால் மறுநாள் அந்த இடத்தில் கொப்புளம் வரும் என்று பொருள். சோப்புப் போட்டுக் கழுவுவதை இரவில் வைத்துக்கொள்கிறேன், ஏனெனில் காலையில் கழுவினால் ஈரத்தில் ஊறிய தோல் சாக்கெட்டில் எளிதாக உரிந்துவிடும். சாக்கெட்டுக்குள் ஸ்டம்பின் மேல் அணியும் மென்மையான உறையான லைனரையும் அன்றன்றே கழுவி, நிழலில் உலர்த்துகிறேன். முடியை மழிப்பதில்லை, மழித்தால் வேர்க்காலில் கட்டி வரும்.

கடையில் உயரமான ஸ்டூல் ஒன்றைக் கல்லாவுக்குப் பின்னே போடுங்கள். வீட்டுக்குப் போனதும் காலைக் கழற்றிவிட்டு ஒற்றைக் காலில் குதித்துக் குதித்துச் செல்லும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். பத்தடி தூரமானாலும் ஊன்றுகோல் எடுங்கள். அந்தக் குதித்தல் ஒவ்வொன்றும் வலிக்கும் முழங்காலில்தான் இடிக்கிறது. எலும்பு மருத்துவரிடம் முழங்காலைக் காட்டி, தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சிகளைக் கேட்டுச் செய்யுங்கள். நீந்தத் தெரியுமானால் நீந்துங்கள். எடையைச் சுமக்காமல் உடலுக்கு வேலை கொடுக்க அதைவிட நல்ல வழி நமக்கு இல்லை.

கேள்வி: எனக்கு 28 வயது. 16 வயதில் கீமோவும் அறுவை சிகிச்சையும் நடந்தன. இப்போது குழந்தை பெற விரும்புகிறோம். கால் இல்லாமல் கர்ப்பத்தைச் சுமக்க முடியுமா? குழந்தைக்கும் இந்த நோய் வருமா?
– பெயர் வெளியிட வேண்டாம், திருச்சி

பதில்: சகோதரி, கர்ப்பத்தைச் சுமக்கக் கால் தடையே இல்லை. மாதம் ஏற ஏற ஸ்டம்பும் வீங்குவதால் சாக்கெட்டை இடையில் மாற்றவோ, கடைசி மாதங்களில் ஊன்றுகோலுக்கு மாறவோ நேரலாம். எடையின் மையம் முன்னே நகர்வதால் விழாமல் இருப்பதில் மிகுந்த கவனம் வேண்டும். நான் ஏழாம் மாதத்திலிருந்து ஊன்றுகோலில்தான் இருந்தேன்.

ஆனால் காலைவிட முதலில் பார்க்க வேண்டியது இதயம். கீமோவில் நமக்கு ஏற்றப்பட்ட சிவப்பு மருந்து நினைவிருக்கும். அதன் பெயர் டாக்ஸோரூபிசின். அது இதயத் தசையைப் பல ஆண்டுகள் கழித்துக்கூடப் பலவீனப்படுத்தக்கூடியது. உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 250 மில்லிகிராமும் அதற்கு மேலும் பெற்றவர்களை அதிக அபாயம் உள்ளவர்களாகக் கருதுகிறார்கள், ஆஸ்டியோசார்கோமா சிகிச்சையில் இந்த அளவைத் தாண்டுவதே வழக்கம். ஆகவே கருத்தரிப்பதற்கு முன்பே எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்துக்கொண்டு, இதய மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் சேர்த்துக் கலந்து பேசுங்கள்; கர்ப்ப காலத்திலும் அவர்கள் சொல்லும்போது திரும்ப எடுங்கள். சிஸ்பிளாட்டின் என்னும் இன்னொரு கீமோ மருந்தும் பெற்றிருந்தால் சிறுநீரகப் பரிசோதனையும் செவிப் பரிசோதனையும் வேண்டும். என் செவிக்குக் குருவிச் சத்தம் கேட்காது. அது மருந்தால் நேர்ந்தது என்று எனக்கு 40 வயதில்தான் தெரிந்தது.

குழந்தைக்கு நோய் வருமா என்றால், பெரும்பாலான ஆஸ்டியோசார்கோமா பரம்பரையாக வருவதில்லை. உங்கள் இரத்த உறவினர்களில் பலருக்கு இளம் வயதிலேயே பல வகைப் புற்றுநோய்கள் வந்திருந்தாலோ, உங்களுக்கே சிறுவயதில் விழித்திரைப் புற்றுநோய் வந்திருந்தாலோ மட்டும் மரபணு ஆலோசனை பெறுங்கள்.

சிகிச்சை பெற்ற மருத்துவமனையிலிருந்து மருந்துகளின் பெயரும் மொத்த அளவும் குறித்த சுருக்க அறிக்கையை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இது உங்களுக்கு மட்டுமன்றி, இந்தப் பகுதியைப் படிக்கும் எல்லோருக்கும் சொல்வது. நான் கேட்டபோது என் பழைய கோப்பு அழிக்கப்பட்டிருந்தது. என் தந்தை டைரியில் தேதி வாரியாக எழுதி வைத்த மருந்துப் பெயர்களைக் கொண்டுதான் மருத்துவர் கணக்கிட்டார்.

கேள்வி: நோய் குணமான பிறகும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் செல்லுமா? புதுப்பிக்க வேண்டுமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: செல்லும். சான்றிதழ் வழங்கப்படுவது கால் இழப்புக்கே, புற்றுநோய்க்கு அன்று. கால் இழப்பு நிரந்தரமானது என்பதால் நிரந்தரச் சான்றிதழே பெற வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 விழுக்காட்டுக்குக் குறையாத இயலாமை உள்ளவர்களுக்கு அரசு வேலையில் 4 விழுக்காடும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடும் இடஒதுக்கீடு உண்டு. முழங்காலுக்கு மேலே எடுத்தவர்கள் அந்த 40 விழுக்காட்டை எளிதாகக் கடந்துவிடுவார்கள்.

கேள்வி: எனக்கு 19 வயது, பொறியியல் இரண்டாம் ஆண்டு. சென்ற ஆண்டு வலது காலை எடுத்தார்கள். விடுதியில் மூன்றாம் மாடி அறை. லிஃப்ட் இல்லை. கீழே அறை கேட்கத் தோன்றுகிறது, ஆனால் எல்லோரும் டெரி ஃபாக்ஸின் காணொளியை அனுப்பி, அவர் நாடு முழுவதும் ஓடினார், நீ மாடி ஏற முடியாதா என்கிறார்கள். கேட்பது தோல்வியா?
– மாணவர், கோயம்புத்தூர்

பதில்: தம்பி, டெரி ஃபாக்ஸை நானும் மிகவும் மதிக்கிறேன். கனடாவைச் சேர்ந்த அவருக்கும் நம் நோய்தான். 1977-இல் 18 வயதில் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட 1980 ஏப்ரல் 12-ஆம் தேதி ஓடத் தொடங்கி, 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியது தெரிந்து செப்டம்பர் 1-ஆம் தேதி நிறுத்தினார், மறு ஆண்டு ஜூனில் 22 வயதில் இறந்தார். அந்தக் காணொளியை மறுபடி பாருங்கள், ஆனால் இம்முறை அவருடைய இடது காலை மட்டும் பாருங்கள். அக்காலச் செயற்கைக் கால் ஓட்டத்துக்கு ஈடுகொடுக்காததால், வலது காலின் ஒவ்வோர் எட்டுக்கும் இடது காலால் இரு முறை எம்புவார். தம்மிடம் இருந்த குறுகிய காலத்தில், மற்றவர்களுக்காக, அவர் தெரிந்தே செலவிட்ட கால் அது.

உங்கள் முன்னே இருப்பதோ நீண்ட காலம். அமெரிக்க செனட்டர் எட்வர்ட் கென்னடியின் மகன் டெட் கென்னடி ஜூனியர் 1973-இல் 12 வயதில் இதே நோயால் காலை இழந்தார். வழக்கறிஞரானார், கனெக்டிகட் மாநில செனட்டில் உறுப்பினராக இருந்தார், இன்று அவருக்கு அறுபது வயதுக்கு மேல். உங்கள் இடது முழங்காலுக்கு இப்போது 19 வயது. அது இன்னும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உங்களைச் சுமக்க வேண்டும். புத்தகப் பையோடு நாளுக்கு ஐந்தாறு முறை மூன்று மாடி ஏறி இறங்குவதில் அதைத் தேய்ப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. பெருந்துறை வணிகரின் கடிதத்தை இன்னொரு முறை படியுங்கள்.

விடுதிக் காப்பாளருக்கு எழுத்து வடிவில் விண்ணப்பம் கொடுங்கள். தரைத்தளத்தில், மேல்நாட்டுக் கழிப்பறைக்கு அருகில் அறை வேண்டும் என்று குறிப்பிட்டு, சான்றிதழின் நகலை இணையுங்கள். பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். அறை மாறும் வரை, ஏறும்போது இடது காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது செயற்கைக் காலை முதலில் வையுங்கள், ஒரு கை எப்போதும் கைப்பிடிச் சுவரில் இருக்கட்டும். பையை நண்பர் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.